கத்தி பட்டால் வளரும் புண்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பெண்மணியை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். வயது முப்பத்திரண்டு. கிள்ளான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. பெயர் வேண்டாம். மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கும் பல நோயாளிகளின் அனுபவத்தை ஒருவர் கதையாகச் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பெண்மணி கிடைப்பார். ஆகவே, "யார் வீட்டுப் பெண்?" என்று எவரும் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

பதினைந்து வயதில் அவருக்கு முகத்திலும் முதுகிலும் பரு வந்தது. சாதாரணப் பரு அல்ல. கட்டி கட்டியாக எழும்பி, உடைந்து, பள்ளம் விழுந்த தழும்பை விட்டுப் போகும் பரு. "வயசுக் கோளாறு, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்றார்கள். வழக்கமாகச் சொல்வதுதானே!

பத்தொன்பது வயதில் அக்குளில் ஒரு கட்டி. "உடம்புச் சூடு" என்று அம்மா இளநீர் வாங்கிக் கொடுத்தார், தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினார். கட்டி உடைந்து சீழ் வந்தது, ஆறியது. இரண்டு மாதத்தில் அதே இடத்தில் மீண்டும் வந்தது. பிறகு மறு அக்குளில். பிறகு தொடை இடுக்கில். அங்கே வந்ததும் அவர் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. காரணம், அந்த இடத்துக் கட்டிக்கு நம் பேச்சு வழக்கில் 'அரையாப்பு' என்று ஒரு பெயர் உண்டு. தகாத உறவால் வரும் நோய் என்ற அர்த்தத்தையும் சேர்த்துக்கொண்டே திரியும் சொல் அது. கல்யாணமாகாத பெண் அந்தச் சொல்லை எப்படி வாயில் எடுப்பார்?

அவர் தம் தாமானில் இருக்கும் கிளினிக்குக்குப் போகாமல் இரண்டு பஸ் மாறி வேறு தாமானுக்குப் போனார். ஐந்து நாளைக்கு ஆண்டிபயாட்டிக் மாத்திரை. கொஞ்சம் வற்றும், மறுபடி வரும். ஒரு கிளினிக்கில் கீறிச் சீழை எடுத்தார்கள். இன்னொரு கிளினிக்கில், "சுத்தமாகக் குளிக்க வேண்டும்" என்று அறிவுரை கிடைத்தது. நாளுக்கு மூன்று வேளை குளித்து, உடைக்குள் பஞ்சுத் துணி வைத்துக்கொண்டு, வாடை வெளியே தெரிந்துவிடுமோ என்று மின்தூக்கியில்கூட ஏறாமல் படியேறிப் போகிற ஒருவரிடம் சொன்ன வார்த்தை அது. உறவினர் திருமணங்களில் கையை உயர்த்தி அட்சதை தூவ முடியாமல் பின்வரிசையிலேயே நின்று பழகிவிட்டார்.

இப்படியே பதின்மூன்று ஆண்டுகள். ஒரு நாள் மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டு இடித்து முழங்காலுக்குக் கீழே ஒரு சிராய்ப்பு. நான்கு நாளில் அது கொப்புளமானது. பத்து நாளில் ஐம்பது காசு அளவுக்குக் குழிந்த புண். மூன்றாவது வாரத்தில் உள்ளங்கை அளவு. புண்ணின் விளிம்பு கத்தரிப்பூ நிறத்தில் தடித்து, அடியில் தோல் பிரிந்து தொங்கியது. படுக்கை விரிப்பு பட்டாலே உயிர் போகிற வலி.

"சர்க்கரைதான், காலை எடுத்துவிடுவார்கள்" என்று சொந்தபந்தம் முடிவே கட்டிவிட்டது. சோதித்துப் பார்த்தால் சர்க்கரை இல்லை. மருத்துவமனையில் சேர்த்தார்கள். அழுகிய சதையை வெட்டி எடுத்துப் புண்ணைச் சுத்தம் செய்தார்கள். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தால், வெட்டிய ஓரத்தையும் தாண்டிப் புண் பரவியிருந்தது. மீண்டும் சுத்தம் செய்தார்கள். மீண்டும் பரவியது.

அந்த மருத்துவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அழுகுகிற புண்ணுக்கு உலகம் முழுவதும் செய்வது அதுதான். கிருமி சதையைத் தின்று பரவும் நோயில் சில மணி நேரம் தாமதித்தாலே உயிர் போய்விடும். அவர்கள் கண்ணுக்கு இதுவும் அப்படித்தான் தெரிந்தது.

திருப்பம் எங்கே வந்தது தெரியுமா? நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க ஓர் இளம் மருத்துவர் அந்தப் பெண்மணியின் அக்குளைத் தொட்டார். உள்ளே கயிறு போலத் தடித்த தழும்புகள், சீழ் கசியும் துளைகள். "இது எத்தனை வருடமாக இருக்கிறது?" என்று கேட்டார். அடுத்து முதுகைப் பார்த்தார். உடனே தோல் பிரிவுக்குச் சொல்லி அனுப்பினார்.

நேயர்களே, அந்தப் பெண்மணிக்கு இருந்தவை மூன்று நோய்கள். முதலாவது, தழும்பு விடும் கடும் முகப்பரு. ஆங்கில மருத்துவத்தில் ஆக்னே என்பார்கள். இரண்டாவது, அக்குளிலும் தொடை இடுக்கிலும் வரும் கட்டி. அதன் பெயர் ஹைட்ராடெனைட்டிஸ் சப்புரேட்டிவா. மூன்றாவது, காலில் வந்த ஆறாத புண். அதன் பெயர் பையோடெர்மா கேங்ரினோசம். மூன்றும் ஒருவருக்கே வந்தால், அவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து 'பாஷ்' கூட்டுநோய் என்கிறார்கள். 2012ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த பிரவுன்-ஃபால்கோவும் அவருடைய சகாக்களும் இரண்டு நோயாளிகளை வைத்து இந்தப் பெயரை மருத்துவ உலகுக்குத் தந்தார்கள்.

நோய் அவ்வளவு புதியதா என்றால், இல்லை. பெயர்கள்தாம் நெடுங்காலம் ஆளை வழிதவற வைத்திருக்கின்றன. அக்குள் கட்டியை 1839இல் பிரான்சின் வெல்போ என்ற அறுவை மருத்துவர் விவரித்தார். 1854இல் அதே நாட்டின் வெர்னுய், இது வியர்வைச் சுரப்பியின் நோய் என்றார். 'ஹைட்ராடெனைட்டிஸ்' என்பதற்கும் வியர்வைச் சுரப்பி அழற்சி என்றுதான் பொருள். ஆனால் நோய் தொடங்குவது வியர்வைச் சுரப்பியில் அல்ல, மயிர்க்காலில். மயிர்க்காலின் வாய் அடைத்து, உள்ளே வீங்கி, தோலுக்கு அடியிலேயே வெடிக்கிறது. வெடித்த இடமெல்லாம் அழற்சி பரவி, ஒரு கட்டிக்கும் அடுத்த கட்டிக்கும் நடுவில் எலி வளை போலச் சுரங்கம் உண்டாகிறது. வியர்வையோடு முடிச்சுப் போட்டதால்தான் 'குளி, பவுடர் போடு, சோப்பை மாற்று' என்ற அறிவுரையெல்லாம் ஒட்டிக்கொண்டதோ என்னவோ! அழுக்கால் வரும் நோய் அல்ல இது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல.

கால் புண்ணின் கதை இன்னும் விசித்திரம். 1930இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிரன்ஸ்டிங், கோக்கர்மேன், ஓலியரி என்ற மூவர் அதற்குப் பெயரிட்டார்கள். சீழ்க்கிருமியால் சதை அழுகுகிறது என்று அவர்கள் நம்பியதே பெயரானது. பையோடெர்மா என்றால் சீழ்த்தோல். கேங்ரினோசம் என்றால் அழுகல். இரண்டுமே சரியில்லை என்பது பிறகு தெரிந்தது. கிருமி அந்தப் புண்ணுக்குக் காரணம் அல்ல. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

அப்படியானால் சீழ் எங்கிருந்து வருகிறது? நம்முடைய தாமான்களில் இரவு ரோந்து சுற்றும் ருக்குன் தெத்தாங்கா குழுவை எண்ணிப் பாருங்கள். திருடனைப் பிடிக்கத்தான் குழு. திருடனே வராத இரவில் யாரோ விசில் ஊதி, குழுவினர் தடியோடு ஓடிவந்து நம் வீட்டுக் கதவையே உடைத்தால் எப்படி இருக்கும்? உடம்பில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் இருக்கின்றன. கிருமி வந்தால் முதலில் ஓடி வரும் காவலர்கள் அவை. இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப். போன்ற இரசாயனங்கள்தாம் விசில். இந்த நோயாளிகளுக்குக் காரணமின்றி விசில் ஊதப்படுகிறது. ஓடிவந்த காவலர்கள் சொந்தத் தோலைக் கரைக்கிறார்கள். இப்படி உடம்பின் முதல்நிலைக் காவலே தவறாகக் கிளம்பும் நோய்களுக்கு 'ஆட்டோ இன்ஃப்ளமேட்டரி' என்ற பெயர் 1999இல்தான் வந்தது.

இதற்கு முன்னோடியாக ஒரு குடும்பமும் உண்டு. 1997இல் லிண்டோர் என்பவரும் அவருடைய சகாக்களும் மூட்டில் சீழ்க்கட்டு போன்ற வீக்கம், அதே ஆறாத புண், அதே கடும் பரு ஆகிய மூன்றும் தலைமுறை தலைமுறையாக வந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அதற்கு 'பாப்பா' கூட்டுநோய் என்று பெயர். 2002இல் அதற்குக் காரணமான மரபணுக் கோளாறும் பதினைந்தாம் குரோமோசோமில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் 'பாஷ்' நோயாளிகள் எல்லாரிடமும் இப்படி ஒரே மரபணுவைச் சுட்டிக்காட்ட முடியவில்லை. சிலரிடம் மாற்றம் தெரிகிறது, பலரிடம் தெரிவதில்லை. ஆகவே, "உங்கள் பரம்பரையா, எங்கள் பரம்பரையா?" என்று சம்பந்தி வீட்டார் பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம்.

ஆறாத அந்தப் புண் உள்ளவர்களில் பத்தில் இரண்டு மூன்று பேருக்கு ஒரு குணம் இருக்கிறது. தோலில் எங்கே காயம் பட்டாலும் அங்கே புதிய புண் முளைக்கும். 'பேதர்ஜி' என்று பெயர். ஊசி குத்தின இடத்தில் வரலாம், தையல் போட்ட இடத்தில் வரலாம். சிராய்ப்பில் தொடங்கிய புண்ணை வெட்டிச் சுத்தம் செய்யச் செய்ய அது பெரிதாவதற்குக் காரணம் அதுதான். கிருமி பரவுகிறது என்று நினைத்து மேலும் மேலும் வெட்டி, உறுப்பையே எடுத்த நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் இருக்கின்றன.

ஆனால் அதே உடம்பில் இருக்கும் அக்குள் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சுரங்கம் விழுந்துவிட்டால் மாத்திரை மட்டும் போதாது. சுரங்கத்தின் கூரையைத் திறந்துவிடவோ, கெட்ட பகுதியை அகலமாக வெட்டி எடுக்கவோ வேண்டியிருக்கும். அதாவது, ஒரே ஆளின் அக்குளுக்குக் கத்தி வேண்டும், காலுக்குக் கத்தி ஆகாது. அக்குளை மட்டும் பார்க்கிற அறுவை மருத்துவருக்குக் காலின் கதை தெரியாவிட்டால் என்ன ஆகும்? காலை மட்டும் பார்க்கிறவருக்கு அக்குளின் கதை தெரியாவிட்டால் என்ன ஆகும்? மூன்று நோயையும் மூன்று வாசலுக்குக் கொண்டுபோய், ஒரு வாசலில் சொன்னதை மறு வாசலில் மறைப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

மறைப்பதற்கு நோயாளி மட்டும் பொறுப்பு அல்ல. 2015இல் பல நாடுகளைச் சேர்த்து நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. அக்குள் கட்டி நோயைச் சரியாகக் கண்டுபிடித்துப் பெயர் சொல்லச் சராசரியாக 7 ஆண்டுக்கு மேல் ஆகிறதாம். சொரியாசிஸ் நோய்க்கு அந்தத் தாமதம் ஒன்றரை ஆண்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அந்த ஏழு ஆண்டில் எத்தனை மருத்துவர்கள் பார்த்திருப்பார்கள்! கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். எப்படிப்பட்ட கட்டி? எந்த இடத்தில்? எத்தனை முறை திரும்பி வந்தது? ஆறு மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, மார்புக்கு அடியிலோ வலியோடு கட்டி வந்தால் அதைச் சூட்டுக் கட்டி என்று விட்டுவிடக் கூடாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "கத்தி வைத்தால் புண் பெரிதாகும் என்று டிவியில் சொன்னார்கள்" என்று சொல்லி மருத்துவமனையிலிருந்து யாரும் எழுந்து வந்துவிட வேண்டாம். 2002இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஒரு கணக்குப் பார்த்தார்கள். பையோடெர்மா என்று முடிவு கட்டப்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு உண்மையில் இருந்தது வேறு நோய். இரத்தக் குழாய் அடைப்பு, புற்றுநோய், கிருமித் தொற்று என்று பலவகை. நம் நாட்டு மண்ணிலும் சேற்றிலும் மெலியோய்டோசிஸ் கிருமி வாழ்கிறது. காசநோயும் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. இவையும் தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும். அவற்றுக்கு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் நெருப்பில் எண்ணெய் ஊற்றின மாதிரி. ஆகவே விளிம்பிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதும், கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். அந்தச் சிறு வெட்டுக்குப் பயந்து பெரிய பிழைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

சிகிச்சையைப் பொறுத்தவரை ஆகாயக்கோட்டை கட்ட வேண்டாம். ஆறாத புண்ணுக்கு முதலில் கொடுப்பது ஸ்டீராய்டு மாத்திரை அல்லது சைக்ளோஸ்போரின். எது மேல் என்று இங்கிலாந்தில் 121 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். 2015இல் முடிவு வந்தது. இரண்டும் ஒன்றுதான். ஆறு மாதத்தில் புண் ஆறியவர்கள் இரு பக்கமும் பாதிக்குச் சற்றுக் குறைவு. அக்குள் கட்டிக்கு அடாலிமுமாப் என்ற ஊசி மருந்து 2015இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. முன்பு சொன்ன விசிலில் ஒன்றான டி.என்.எஃப்.ஐ அது அடக்குகிறது. 2023இல் செக்குகினுமாப் என்ற மற்றொரு ஊசியும் சேர்ந்தது. மூன்று நோயும் ஒன்றாக வரும்போது இத்தகைய ஊசிகள் மூன்றையும் ஒருசேரத் தணிக்கக்கூடும் என்பதே அவற்றின் அருமை. ஆனாலும் ஒருவருக்குக் கேட்பது இன்னொருவருக்குக் கேட்பதில்லை. மாற்றி மாற்றித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. விலையும் சாமானியக் குடும்பம் தாங்கும் விலை அல்ல. ஊசி தொடங்கும் முன் உடம்பில் காசநோய் பதுங்கியிருக்கிறதா, மஞ்சள் காமாலை பி வைரஸ் இருக்கிறதா என்று சோதித்தே ஆக வேண்டும். புகை பிடிப்பவர்கள் அதை நிறுத்தினால் அக்குள் கட்டியின் சீற்றம் குறைய வாய்ப்புண்டு. உடல் எடையும் அப்படித்தான். இதைச் சொல்லும்போது, "நீ குண்டாக இருப்பதால்தான் வந்தது" என்று குத்திக்காட்டும் தொனி மட்டும் வேண்டாம். ஒல்லியானவர்களுக்கும் வருகிறது.

எங்கே போவது என்று கேட்பீர்கள். மலேசியாவில், அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு ரிங்கிட் கட்டிப் பதிந்துகொண்டு, தோல் நிபுணருக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். சிங்கப்பூர் நேயர்களுக்கு மாண்டலே சாலையில் 1988 முதல் நேஷனல் ஸ்கின் சென்டர் இருக்கிறது. போகும்போது கைத்தொலைபேசியில் படங்களை எடுத்துப் போங்கள். கட்டி வந்த அன்று எடுத்த படம், உடைந்த அன்று எடுத்த படம். மருத்துவரைப் பார்க்கும் நாளில் கட்டி வற்றிப் போயிருக்கும், "எங்கே, காட்டுங்கள்" என்றால் காட்ட ஒன்றும் இருக்காது. வயிற்றுப்போக்கில் இரத்தம் போகிறதா, மூட்டு வலிக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். ஆறாத புண் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடல் அழற்சி, மூட்டு அழற்சி, இரத்தக் கோளாறு என்று உள்ளுக்குள் ஏதாவது ஒன்று இருக்கிறது. தோல் மருத்துவர் வயிற்றைப் பற்றிக் கேட்டால் சம்பந்தமில்லாமல் கேட்கிறார் என்று நினைக்காதீர்கள்.

நம் கிள்ளான் பெண்மணிக்கு என்ன ஆயிற்று? புண்ணை வெட்டுவதை நிறுத்தினார்கள். கிருமியும் காசநோயும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஸ்டீராய்டு தொடங்கினார்கள். இரண்டாவது வாரத்தில் வலி குறைந்தது. விளிம்பின் கத்தரிப்பூ நிறம் மங்கியது. புண் முழுதாக மூட எட்டு மாதம் பிடித்தது. இப்போது அந்த இடத்தில் சல்லடை போலத் துளைத்துளையாக ஒரு தழும்பு. பிறகு ஊசி மருந்து. பரு அடங்கியது. அக்குளில் புதுக் கட்டி வருவது குறைந்தது, நிற்கவில்லை. வந்தால் எம்.சி. எடுக்கிறார். தொழிற்சாலை மேலாளரிடம் "வயிற்று வலி" என்று பொய் சொல்வதை விட்டுவிட்டார்.

பழைய சுரங்கங்கள் மட்டும் ஊசிக்கு மசியவில்லை. வலது அக்குளை அறுவை செய்துதான் ஆக வேண்டும் என்றார்கள். காலில் பட்ட கத்தியை அவர் மறந்திருப்பாரா? ஒரு மாதம் தூங்கவில்லை. அறுவை மருத்துவரின் அறைக்குள் போனதும் முதல் வேலையாகக் காலை நீட்டித் தழும்பைக் காட்டினார். தேதி போட்டு வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். மருத்துவர் அறுவைக்கு நாள் குறிக்காமல், அங்கேயே தோல் பிரிவுக்குத் தொலைபேசி செய்தார். ஊசியை நிறுத்தாமலே அக்குளில் அறுவை செய்யலாம் என்பதற்கு 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஆதாரமாக இருப்பதை இரண்டு மருத்துவர்களும் பேசிக்கொண்டார்கள். புண் கிளம்பினால் உடனே அடக்க ஸ்டீராய்டையும் தயாராக வைத்துக்கொண்டு, மூன்று வாரம் கழித்து ஒரு நாள் குறித்தார்கள்.

கட்டைப் பிரிக்கும் நாளன்று இரண்டு பிரிவு மருத்துவர்களும் கட்டிலருகே நின்றார்கள். அந்தப் பெண்மணி கண்ணை மூடிக்கொண்டார். தாதி கட்டைப் பிரித்தார். வெட்டிய கோடு வெட்டிய இடத்திலேயே இருந்தது.